பொது லைப்ரரில கோளாறா? அறிகுறிய வச்சு புடிக்கிற வழி

மன்னார்குடில உக்காந்து ரைஸ் மில், உரக்கடை, நெல் வியாபாரி இவங்களுக்கு கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் குடுக்கறேன், எல்லாம் பைத்தான்ங்கற புரோகிராம் மொழிலதான். ஒவ்வொரு கஸ்டமருக்கும் தனி புராஜெக்ட், ஆனா எடைக் கணக்கு, ரூபாயை எழுத்துல எழுதறது, ஜிஎஸ்டி, தமிழ்ப் பேர் தேடறது இதெல்லாம் எல்லாருக்கும் பொது, அதனால அந்த ஃபங்ஷன்களை (ஒவ்வொரு வேலையையும் செய்யற குட்டிக் குட்டி கோடு துண்டுங்களை) தனியா பிரிச்சு ஒரே லைப்ரரியா வச்சிருக்கேன். அப்புடி வச்சதுக்கு அப்பறம் வந்த கோளாறுங்க சுத்திச் சுத்தி அதே ஏழெட்டுதான். கூட வேலை பாக்கற தம்பிங்க ஒவ்வொரு தடவையும் கஸ்டமர் கடையில நின்னுக்கிட்டு போன் பண்றாங்க, பக்கத்துல கணக்குப்பிள்ளை காத்துக்கிட்டு இருக்காரு, அந்த நேரத்துல படிக்கற மாதிரி இதை எழுதறேன். உங்க அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க.

ஆனா எந்தத் தலைப்புக்குப் போறதுக்கும் முன்னாடி ஒரு கேள்விக்கு பதில் வேணும்: இப்ப ஓடறது எந்தக் காப்பி? வயல்ல தண்ணி ஏறலன்னா இது எந்த வாய்க்கால் பாசனம்னுதானே மொதல்ல கேப்போம், அதே மாதிரிதான். லைப்ரரிய இம்போர்ட் பண்ணி (அதாவது புரோகிராமுக்குள்ள கொண்டு வந்து), அதோட ஃபைல் பாதைய பிரிண்ட் பண்ணுங்க (முன்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர், பின்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்ட "ஃபைல்"), கூடவே வெர்ஷன் நம்பரையும் பிரிண்ட் பண்ணுங்க. உங்க லேப்டாப்ல இல்ல, கோளாறு வர்ற மெஷின்லயே பண்ணணும். இந்த ரெண்டு வரி கையில இல்லாம கோடை நோண்ட ஆரம்பிச்சா பாதி நாள் வீணாப் போகும், எனக்குப் போயிருக்கு.

## அறிகுறி: "மாட்யூல் நாட் ஃபவுண்ட்"னு வருது

மாட்யூல்னா நாம இம்போர்ட் பண்ற பைத்தான் ஃபைல். மொதல்ல ஸ்பெல்லிங் பாருங்க. இன்ஸ்டால் பண்றப்ப பேருல ஹைஃபன் இருக்கும், இம்போர்ட் பண்றப்ப அண்டர்ஸ்கோர் போடணும், புதுசா வர்றவங்க இங்கதான் வழுக்குவாங்க.

அடுத்தது, இன்ஸ்டால் ஆன பைத்தானும் ஓடற பைத்தானும் ஒண்ணுதானான்னு பாருங்க. ஒரே மெஷின்ல மூணு பைத்தான் கெடக்கும், ஒண்ணு நம்ம போட்டது, ஒண்ணு வேற ஏதோ சாஃப்ட்வேர் கொண்டு வந்தது, ஒண்ணு எடிட்டர் தானா தேர்ந்தெடுத்தது. பைத்தானுக்கு பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற கருவிதான் பிப். வெறும் பிப் இன்ஸ்டால்னு அடிக்காம "பைத்தான் மைனஸ் எம் பிப் இன்ஸ்டால்"னு அடிச்சுப் பழகுங்க, அப்பதான் எந்தப் பைத்தானைக் கூப்புட்டீங்களோ அதுக்குள்ளயே போய் உக்காரும். லினக்ஸ் மெஷின்னா, டெபியன் 12, உபுண்டு 23.04ல இருந்து "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு"ன்னு சொல்லி பிப் மறுத்துரும், அப்ப வற்புறுத்தற ஆப்ஷனைப் போட்டு தள்ளாதீங்க, ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் (புராஜெக்ட்டுக்குன்னு தனி பைத்தான் ஃபோல்டர்) உண்டாக்கி அதுக்குள்ள போடுங்க.

மாட்யூல் கெடைக்குது, ஆனா உள்ள இருக்கற ஃபங்ஷன் மட்டும் இல்லைங்குதா? உங்க ஃபோல்டர்ல கேலண்டர், ஈமெயில், ராண்டம் மாதிரி பேருல ஒரு ஃபைல் இருக்கும். பைத்தான் ஓட்டற ஸ்கிரிப்ட்டோட ஃபோல்டரத்தான் மொதல்ல தேடும், அதனால தன்னோட சொந்த மாட்யூல விட்டுட்டு உங்க ஃபைலை எடுத்துக்கும். பேரை மாத்துங்க, தீந்தது.

"ரிலேட்டிவ் இம்போர்ட்"னு ஏதாவது பொலம்புச்சுன்னா லைப்ரரிக்குள்ள இருக்கற ஃபைலை நேரா ஓட்டிட்டீங்கன்னு அர்த்தம். ஒரு ஃபோல்டர் மேல வந்து மைனஸ் எம் போட்டு மாட்யூலா ஓட்டுங்க.

### நெட்டே இல்லாத மில்லுன்னா

லைப்ரரிய வீல் ஃபைலா, அதாவது இன்ஸ்டால் பண்ணத் தயாரான ஒரே ஃபைலா கட்டி பென்டிரைவ்ல கொண்டு போங்க. நம்ம லைப்ரரி மட்டும் போதாது, அது எதையெல்லாம் நம்பியிருக்கோ அத்தனையும் வேணும், "பிப் டவுன்லோட்" அதை ஒரு ஃபோல்டர்ல எறக்கித் தரும், அங்க போய் இன்டெக்ஸ் (நெட்ல இருக்கற பேக்கேஜ் லிஸ்ட்) வேண்டாம் இந்த ஃபோல்டர்ல தேடுன்னு சொல்லி இன்ஸ்டால் பண்ணிக்கலாம். எறக்கற மெஷினும் போடற மெஷினும் ஒரே பைத்தான் வெர்ஷன், ஒரே 32 அல்லது 64 பிட்டா இருக்கணும். கெளம்பறதுக்கு முன்னாடி போன்ல கேட்டுக்கிட்டு போங்க, திருத்துறைப்பூண்டி தாண்டிப் போயிட்டு திரும்பி வர்றது ஒரு நாள் வேலை. அந்த ஆபீஸ் மெஷின் இன்னும் விண்டோஸ் 7ல இருந்தா பைத்தான் 3.8தான் கடைசி, 3.9 அதுல ஏறாது.

எப்ப நிறுத்தணும்: விண்டோஸ் 7 மெஷின்ல புது பேக்கேஜ் வேணும், அதுக்கு 3.8ல வீல் இல்லைன்னா நிறுத்திருங்க. அங்கயே கம்பைலர் போட்டுக் கட்டறேன்னு எறங்காதீங்க. மெஷினை மாத்த ஹார்டுவேர் ஆளைக் கூப்புடச் சொல்லுங்க, முதலாளிகிட்ட செலவை நேரா சொல்லிருங்க.

## அறிகுறி: திருத்திட்டேன், ஆனா பழைய பதில்தான் வருது

இதுதான் எனக்கு அதிகமா வர்ற போன்.

செலவில்லாத காரணம், புரோகிராம் ரீஸ்டார்ட் ஆகல. பைத்தான் ஒரு மாட்யூலை ஒரு தடவை ஏத்திட்டா அந்த ஓட்டம் முடியற வரைக்கும் அதையேதான் வச்சிருக்கும். விண்டோஸ் சர்வீஸா பின்னாடி ஓடுதுன்னா விண்டோவை மூடித் தொறந்தா பத்தாது, சர்வீஸையே நிறுத்தி எழுப்பணும். பைகேஷ் ஃபோல்டரை (பைத்தான் கம்பைல் பண்ணி வச்சுக்கற காப்பி இருக்கற எடம்) அழிச்சுப் பாருன்னு நெறைய பேர் சொல்வாங்க, அழிச்சா தப்பில்ல, ஆனா சோர்ஸ் ஃபைல் மாறியிருந்தா பைத்தான் தானே புதுசா உண்டாக்கிக்கும், அதனால அது காரணமா இருந்து நான் பாத்தது அபூர்வம்.

அடுத்தது, நீங்க திருத்தற ஃபோல்டர் வேற, இன்ஸ்டால் ஆன காப்பி வேற. மேல சொன்ன பாதையப் பாருங்க, "சைட் பேக்கேஜஸ்"னு (இன்ஸ்டால் ஆனது போய் உக்கார்ற ஃபோல்டர்) வந்தா நீங்க எடிட்டர்ல தொறந்து வச்சிருக்கற ஃபைலுக்கும் ஓடறதுக்கும் சம்பந்தமே இல்ல. உங்க மெஷின்ல லைப்ரரிய எடிட்டபிளா போட்டுக்கங்க, பிப் இன்ஸ்டால்ல மைனஸ் இ, அப்ப திருத்தறது அப்புடியே தெரியும். கஸ்டமர் மெஷின்ல எடிட்டபிள் போடவே கூடாது, அங்க நம்பர் போட்ட வீல் மட்டும்.

மூணாவது, வெர்ஷன் நம்பரை ஏத்த மறந்துட்டீங்க. அதே நம்பர்ல புது வீல் கட்டிக் குடுத்தா பிப் "ஏற்கெனவே இருக்கு"ன்னு சொல்லிட்டு ஒண்ணும் பண்ணாம போயிரும், அது எர்ரராவும் வராது, ஏதோ நல்லா முடிஞ்ச மாதிரி தெரியும். ஒரே ஒரு எழுத்து திருத்தினாலும் நம்பரை ஏத்துங்க.

நாலாவதுதான் வலிக்கற காரணம்: அந்த ஃபங்ஷன் ஒண்ணுக்கு மேல இருக்கு. லைப்ரரிக்கு நகத்தினப்ப பழைய காப்பிய அழிக்காம விட்டிருப்பீங்க.

2022 ஜூலை 18ல அரிசிக்கு ஜிஎஸ்டி விதி மாறிச்சு. அதுவரைக்கும் ரிஜிஸ்டர் பண்ண பிராண்டா இல்லையாங்கறதுதான் கேள்வி, அன்னைலேர்ந்து 25 கிலோ வரைக்கும் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினா 5 சதவீதம்னு ஆச்சு. அதனாலதான் மில்லுக்காரங்க 26 கிலோ பை போட ஆரம்பிச்சாங்க. அப்ப என்கிட்ட பொது லைப்ரரி கெடையாது, வரி ஃபங்ஷன் அஞ்சு புராஜெக்ட்ல அஞ்சு காப்பியா இருந்துச்சு, ராத்திரி உக்காந்து மூணுல மாத்திட்டு அஞ்சும் மாத்திட்டதா நம்பிட்டேன். விட்டுப்போன ரெண்டுல ஒண்ணுல ஃபங்ஷன் பேரே வேற, பேரை வச்சுத் தேடினா எப்புடி வரும்? அந்த மில்லுல நாலு நாள் பில்லு தப்பா போயிருச்சு, அவரு என்னை நம்பி வாங்குனவரு.

அதனால தேடறப்ப ஃபங்ஷன் பேரை மட்டும் தேடாதீங்க. உள்ள இருக்கற எண்ணு, மெசேஜ், காலம் பேரு இதையெல்லாம் தனித்தனியா எல்லா புராஜெக்ட்லயும் கிட் கிரெப் (கோடோட பழைய வெர்ஷனையெல்லாம் வச்சிருக்கற கிட்ங்கற கருவில எழுத்தைத் தேடற கமாண்ட்) போட்டுத் தேடுங்க. கெடைச்ச பழைய காப்பிய கமென்ட் பண்ணி வைக்காம அழிங்க, கிட்ல பழசு இருக்கவே இருக்கு.

எப்ப நிறுத்தணும்: தப்பு வரியோட பில்லு வெளில போயிருந்தா கோடு வேலை ரெண்டாம் பட்சம். எந்த பில் நம்பர்லேர்ந்து எந்த பில் நம்பர் வரைக்கும்னு லிஸ்ட் எடுத்து அவங்க ஆடிட்டர்கிட்ட குடுங்க. பழைய பில்லை நீங்களா டேட்டாபேஸ்ல போய் திருத்தாதீங்க.

## அறிகுறி: ஒருத்தருக்குச் சரி பண்ணா இன்னொருத்தருக்கு ஒடையுது

பொது லைப்ரரி வச்சாலே இது வரும். தலைமடையில ஒரு பலகைய எடுத்தா கடைமடை வரைக்கும் தெரியும்ல.

மொதல்ல பாக்க வேண்டியது, அந்த ஃபங்ஷன் எதையாவது சொல்லாம தானா வச்சுக்குதா? என்கிட்ட மூட்டைய குவிண்டாலா மாத்தற ஃபங்ஷன் இருந்துச்சு, மூட்டைக்கு 60 கிலோன்னு உள்ளயே வச்சிருந்தேன், தனியார் வியாபாரத்துல அதுதான் வழக்கம். நேரடி கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சிப்பம். அங்க லோடு அனுப்பற ஒரு கஸ்டமருக்காக தம்பி அந்த 60ஐ 40ஆ மாத்திட்டாரு, அவருக்கு கணக்கு சரியாயிருச்சு, கொரடாச்சேரி பக்கம் இன்னொரு வியாபாரிக்கு 250 மூட்டை 150 குவிண்டால்னு இருந்தது 100 குவிண்டால்னு காட்டுது. ஸ்டாக்குல மூணுல ஒரு பங்கு காணோம்னு அவரு குடோன்ல ஆளை சந்தேகப்பட்டுட்டாரு. அந்த ஆள்கிட்ட நான் நேர்ல போய் இது எங்க தப்புன்னு சொல்லிட்டு வந்தேன்.

இதுக்கு வழி, டீஃபால்ட்டை, அதாவது சொல்லாட்டி தானா எடுத்துக்கற மதிப்பை எடுத்துட்டு கிலோவை கூப்புடறவங்களையே சொல்ல வைக்கணும். சொல்லலன்னா எர்ரர் வரட்டும், தப்பான எடைய விட எர்ரர் எவ்வளவோ மேல். நில அளவும் இப்புடித்தான், தஞ்சாவூர் கணக்குல 1 குழி 144 சதுர அடி, 100 குழி 1 மா, 20 மா 1 வேலி, அதாவது 1 மா ஏறக்குறைய 33 சென்ட். ஆனா குழிங்கற அளவு வேற சீமையில வேற, அதனால "குழி_சென்ட்"னு பேர் வைக்காம ஊர்க் கணக்கையும் பேர்லயே சேத்துட்டேன்.

அடுத்தது வெர்ஷனைக் கட்டி வச்சிருக்கீங்களான்னு பாருங்க. ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல (புராஜெக்ட்டுக்கு எந்தெந்த பேக்கேஜ் வேணும்ங்கற லிஸ்ட்) வெறும் பேரு மட்டும் இருந்தா புதுசா இன்ஸ்டால் பண்ற ஒவ்வொரு தடவையும் என்ன கெடைக்குதோ அதுதான். ரெண்டு ஈக்வல் போட்டு நம்பரைக் கட்டுங்க. நம்பர் மூணு பகுதி: கூப்புடற விதமே மாறி பழைய கோடு ஒடையும்னா மொதல் எண்ணை ஏத்துங்க, பழசு அப்புடியே ஓடும் புதுசா ஒண்ணு சேந்துச்சுன்னா நடு எண்ணு, பிழை மட்டும் திருத்தினா கடைசி எண்ணு. இதுல பொய் சொல்லாம இருக்கறதுதான் முக்கியம், 60ஐ 40ஆ மாத்தினதை கடைசி எண்ணுல போட்டதுதான் அன்னைக்கு நடந்தது.

அடுத்தவங்க லைப்ரரிக்கும் இதே கதைதான். 2016 மார்ச்ல லெஃப்ட் பேட்னு 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் ஒண்ணை எழுதினவரு என்பிஎம்ங்கற பொது பேக்கேஜ் களஞ்சியத்துலேர்ந்து எடுத்துட்டாரு, உலகம் பூரா எத்தனையோ பேரோட பில்டு நின்னு போச்சு. நம்ம எதை நம்பியிருக்கோமோ அதோட வீல் ஒண்ணு நம்ம கையிலயும் இருக்கணும்.

ஒரு ஃபங்ஷனை விலக்கணும்னா ஒடனே அழிக்காதீங்க. பழைய பேரை வச்சு உள்ள புதுசைக் கூப்புட வைங்க, ஒரு பருவம் போகட்டும். பைத்தான்ல டெப்ரிகேஷன் வார்னிங்னு ஒண்ணு இருக்கு, ஆனா லைப்ரரிக்குள்ளேர்ந்து வந்தா அதை சாதாரணமா காட்டாம மறைச்சிரும், அதனால நான் லாக் ஃபைல்லயும் ஒரு வரி எழுத வச்சிருக்கேன், யாரு இன்னும் பழசைக் கூப்புடறாங்கன்னு அதுல தெரிஞ்சிரும். இன்னொண்ணு, தை மாசி சம்பா அறுவடையில லைப்ரரியோட மொதல் எண்ணை நான் தொடறதே இல்ல. அப்ப மில்லு ராத்திரி பகலா ஓடும், யாருக்கும் நின்னு சரிபாக்க நேரம் இருக்காது.

எப்ப நிறுத்தணும்: தப்பு கணக்குல எடை டேட்டாபேஸ்ல சேவ் ஆயிருந்தா, சரியானதும் தப்பானதும் கலந்து கெடக்குன்னா, நிறுத்துங்க. மொதல்ல பேக்கப். டேட்டாபேஸ்ல பழக்கப்பட்ட ஒரு ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, எடை சீட்டோட ஒப்பிட்டுத்தான் திருத்தணும்.

## அறிகுறி: பைசா ஒத்துவரல, எக்ஸெல்ல ஒண்ணு நம்ம பில்லுல ஒண்ணு

பைத்தானோட ரவுண்ட் சரியா நடுவுல இருக்கற எண்ணை இரட்டைப்படை பக்கம் தள்ளும். 2.5 போட்டா 2 வரும், 3.5 போட்டா 4 வரும். எக்ஸெல் ஷீட்ல 2.5க்கு 3. கணக்குப்பிள்ளைக்கு 3தான் சரி, அவரு சொல்றதுதான் நமக்கும் சரி. இது போக 2.675ஐ ரெண்டு தசமத்துக்குக் கேட்டா 2.67 வரும், அது ஃப்ளோட்ல (கம்ப்யூட்டர் தசம எண்ணை பைனரில வைக்கற முறை) அந்த எண்ணை அப்புடியே வைக்க முடியாததால வர்றது.

பணத்துக்கு டெசிமல் மாட்யூல், "ரவுண்ட் ஹாஃப் அப்" (சரியா நடுவுல இருந்தா மேல ஏத்தற முறை). டெசிமல் உண்டாக்கறப்ப ஃப்ளோட்டைக் குடுக்காம எழுத்தா, அதாவது கோட்டேஷனுக்குள்ள குடுங்க, இல்லன்னா அந்தத் தப்பு உள்ளயும் வந்துரும். ரவுண்ட் பண்ற ஃபங்ஷன் லைப்ரரில ஒரே ஒரு எடத்துல இருக்கணும், யாரும் நேரா ரவுண்டைக் கூப்புடக்கூடாது. வரிய ஐட்டம் ஐட்டமா ரவுண்ட் பண்றதா, மொத்தத்துல பண்றதாங்கறதை மட்டும் நீங்களா முடிவு பண்ணாம ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கங்க.

## அறிகுறி: ரெண்டாவது பில்லுல மொதல் பில்லு ஐட்டமும் வருது

ஃபங்ஷன் தலைப்புல டீஃபால்ட்டா வெறும் லிஸ்ட் குடுத்திருக்கீங்க. அந்த லிஸ்ட், பைத்தான் ஃபங்ஷனை மொதல்ல ஏத்தறப்பவே ஒரு தடவைதான் உண்டாகும், அப்பறம் எல்லாரும் அதுலயே போட்டுக்கிட்டு போவாங்க. டீஃபால்ட்டை "நன்"னு (None, ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்) வச்சுட்டு உள்ள புது லிஸ்ட் உண்டாக்குங்க. டெஸ்ட்ல இது சிக்காது, ஏன்னா டெஸ்ட் ஒரு தடவைதான் கூப்புடும். ஒரே ஃபங்ஷனை ரெண்டு தடவை அடுத்தடுத்து கூப்புடற டெஸ்ட் ஒண்ணு போட்டு வைங்க.

## அறிகுறி: பேரு கண்ணுக்குத் தெரியுது, தேடினா இல்லைங்குது

கொரடாச்சேரின்னு ரெண்டு பேரு அடிச்சிருப்பாங்க, பாக்க ஒண்ணு, உள்ள வேற. "கொ"ங்கறதுல இருக்கற ஒகரக்குறிய யூனிகோட்ல ஒரே குறியாவும் வைக்கலாம், எகரக்குறி, கால்னு ரெண்டாவும் வைக்கலாம். கீபோர்டைப் பொறுத்து மாறும். கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற எழுத்து.

பைத்தான்ல யூனிகோட் டேட்டா மாட்யூல்ல நார்மலைஸ் இருக்கு, என்எஃப்சி முறைல போட்டா ரெண்டும் ஒண்ணாயிரும். சேவ் பண்றப்பயும் தேடறப்பயும் ரெண்டு எடத்துலயும் போடணும், ஒரு எடத்துல விட்டாலும் பிரயோஜனமில்ல. முன்னாடி பின்னாடி ஸ்பேஸையும் அங்கயே வெட்டிருங்க. ஔ எழுத்தை மட்டும் தனியா கவனிக்கணும், ஒ அடிச்சு பக்கத்துல ள அடிச்சிருப்பாங்க, அதை நார்மலைஸ் சேக்காது.

பழைய டேட்டா பாமினி ஃபான்ட்ல அடிச்சதுன்னா இது எதுவும் வேலைக்கு ஆவாது. அதுல உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்துங்கதான், ஃபான்ட்தான் தமிழா காட்டுது. கன்வெர்ட் பண்ணணும். எப்ப நிறுத்தணும்: ஒரே டேபிள்ல பாமினியும் யூனிகோடும் நெஜ இங்கிலீஷும் கலந்திருந்தா தானா கன்வெர்ட் பண்ண விடாதீங்க, நெஜ இங்கிலீஷ் பேரும் கன்னாபின்னான்னு தமிழாயிரும். இதைப் பண்ணி அனுபவம் உள்ளவங்களைக் கூப்புடுங்க.

## அறிகுறி: "பார்ஷியலி இனிஷியலைஸ்டு"ன்னு வருது

எடை ஃபைல் வரி ஃபைலைக் கூப்புடுது, வரி ஃபைல் திரும்பி எடை ஃபைலைக் கூப்புடுது. ரெண்டுக்கும் வேண்டியதை மூணாவது ஃபைலுக்கு எடுத்துட்டு போங்க. அவசரத்துக்கு இம்போர்ட்டை ஃபங்ஷனுக்கு உள்ள தள்ளலாம், ஓடும், ஆனா அடுத்த வாரம் திரும்பி வந்து சரி பண்ணுங்க.

இம்போர்ட் பண்ற வரியிலயே புரோகிராம் தொங்குதுன்னா அது வேற. லைப்ரரி ஃபைலோட மேல்மட்டத்துல யாரோ டேட்டாபேஸ் கனெக்ஷன் தொறந்திருக்காங்க, இல்ல செட்டிங் ஃபைலைப் படிக்கறாங்க. இம்போர்ட் பண்ணா ஒண்ணும் நடக்கக்கூடாது, கூப்புட்டாதான் நடக்கணும். கனெக்ஷனை வெளிலேர்ந்து குடுக்கற மாதிரி மாத்துங்க.

## அறிகுறி: இருக்கற ஃபங்ஷனையே திரும்ப எழுதறோம்

எர்ரர் எதுவும் வராது, ஆனா மேல சொன்னதுல பாதி இதுலேர்ந்துதான் மொளைக்குது. யூட்டில்ஸ், காமன், ஹெல்பர்னு ஒரு ஃபைல் இருக்கும், 1500 வரி தாண்டியிருக்கும், யாரும் படிக்க மாட்டாங்க, படிக்காததால திரும்ப எழுதுவாங்க.

விஷயத்தை வச்சுப் பிரிங்க: எடை, நிலம், பணம், வரி, பேரு. தம்பி ஒருத்தர் வந்து "லட்சத்துல கமா போடற ஃபங்ஷன் எங்கண்ணே"ன்னு கேட்டா, ஃபைல் பேரைப் பாத்தே அவரு கண்டுபுடிச்சிருக்கணும். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கீழ ரெண்டு மூணு உதாரணம் எழுதி வைங்க, 1234567 குடுத்தா 12,34,567 வரும்னு. அதையே பைத்தானோட டாக்டெஸ்ட் கருவி ஓட்டிப் பாத்துக்கும், தனியா விளக்கம் எழுத வேண்டியதில்ல.

எதை லைப்ரரில சேக்கணும்? மொதல் தடவை புராஜெக்ட்லயே இருக்கட்டும். மூணாவது புராஜெக்ட் கேட்டா நகத்துங்க. பணமும் எடையும் மட்டும் ரெண்டாவது தடவையே நகத்திருவேன், அதுல காப்பி ரெண்டு இருந்தா பொறுக்க முடியாது. ஃபங்ஷன் என்ன பண்ணுதுன்னு கஸ்டமர் பேரைச் சொல்லாம ஒரு வரில சொல்ல முடியலன்னா அது இன்னும் பொதுவாகல, "இந்த மில்லா இருந்தா"ன்னு உள்ள ஒரு இஃப் இருந்தாலும் அதேதான், திருப்பி அந்த மில்லோட புராஜெக்ட்டுக்கே அனுப்புங்க.

எந்த கஸ்டமர் எந்த வெர்ஷன்ல இருக்காருன்னு ஒரு நோட்டுல எழுதி மேஜை மேலயே வச்சிருக்கேன், மெஷினுக்குப் போய் இன்ஸ்டால் பண்ணிட்டு வந்தவரு அன்னைக்கே தேதி போட்டு அதுல எழுதணும். போன் வந்ததும் மொதல்ல அந்த நோட்டை எடுங்க, அப்பறம் அந்த மெஷின்ல வெர்ஷனை பிரிண்ட் பண்ணச் சொல்லுங்க, ரெண்டும் ஒத்துப்போகலன்னா அங்கேருந்தே ஆரம்பிங்க.